துருப்பிடித்த புல்லட்டும் தடுக்கப்பட்ட தெருவும்

சென்ற ஆடி மாதம் ஒரு தம்பி போன் செய்தான். எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டவுனில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான்.

"அக்கா, ஒரு புல்லட் பாத்திருக்கேன். எண்பத்தாறு மாடல். பதினோரு வருசமா மாட்டுக் கொட்டகையில நிக்குது. வாங்கலாமாக்கா?"

அவன் கேட்டது விலையைப் பற்றியோ இன்ஜினைப் பற்றியோ அல்ல. அதெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டி நிற்பது ஊருக்குள். அவன் வீடு இருப்பது காலனியில். இரண்டுக்கும் நடுவில் ஊரின் பெரிய தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் அவன் தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். அவன் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். "வாங்கலாமா" என்ற கேள்விக்குள் இதெல்லாம் இருந்தது.

அவனுக்கு நான் போனில் சொன்ன பதில் சின்னது. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புது வண்டியோ பழைய வண்டியோ, நம்மில் ஒருவர் வண்டி வாங்கும்போது எந்த வரலாற்றின்மீது ஏறி உட்கார்கிறார் என்பது இளம் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுவண்டியில் தொடங்கியது

மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே வண்டி சாதியின் பிரச்சினையாக இருந்தது. 1893-இல் திருவிதாங்கூரில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாக அதில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டினார். புலையர்கள் அந்தச் சாலையில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம் அது. அவர் மனு எழுதவில்லை, அனுமதி கேட்கவில்லை. காசு கொடுத்து ஒரு வண்டியை வாங்கி ஓட்டினார். கேரளத் தலித் வரலாற்றில் அது வில்வண்டிப் போராட்டம் என்றே பெயர் பெற்றது. அதன் தொடர்ச்சியாகச் சாலை உரிமைக்காக நடந்த மோதல்களில் இரத்தம் சிந்திய பிறகுதான் சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1901-இல், மராட்டியப் பகுதியில் ஒரு சிறுவன் தன் அண்ணனோடும் அக்காளின் பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நின்றான். கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட பயணம். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகப் பேசினார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. வாடகை இரண்டு மடங்கு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். அந்தச் சிறுவன் பீமாராவ் அம்பேத்கர்.

1929-இல் அவர் சட்டம் படித்த பாரிஸ்டர். பம்பாய் அரசு நியமித்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கியவரைச் சேரி மக்கள் வரவேற்று அழைத்துப் போக வந்திருந்தார்கள். எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவருக்கு வண்டி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கி, வண்டியும் குதிரையும் ஆற்றுக்குள் விழுந்தன. அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது.

இரண்டு சம்பவங்களையும் அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். இரண்டிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு முறையும் வண்டி கிடைத்தது. கிடைக்காமல் போனது ஓட்டுநர். காசு வாங்கிக்கொள்ளலாம், வண்டியைத் தரலாம், ஆனால் ஒரு தலித்தைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவது இழிவு. அப்படியென்றால் வண்டியை ஓட்டத் தெரிவதும் பழுது பார்க்கத் தெரிவதும் நமக்கு உயிர் பிழைக்கும் கல்வி. ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸோடு நிற்கும் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாலிஸ்கான் பாலம் நினைவுக்கு வரும்.

ராமநாதபுரத்தின் பட்டியல்

இது வேறு மாநிலங்களின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1924-இலேயே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசும் ஏற்று ஆணையிட்டது. தாளில் தெரு திறந்துவிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூச்சூடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

1931-இல் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பது அதில் உண்டு. திருமணத்தில் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, வீட்டுக் கதவைப் பெயர்த்துத்தான் பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் உண்டு. அந்த வரியோடு சேர்ந்தே இன்னொன்றும் இருந்தது: எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தத் தடைகளைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

1931-இல் அந்த மாவட்டத்துச் சேரிகளில் எத்தனை பேரிடம் வாகனம் இருந்திருக்கும்? ஏறக்குறைய யாரிடமும் இருந்திருக்காது. இல்லாத ஒன்றை ஏன் தடை செய்ய வேண்டும்? மக்கள் சிலோனுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்க் கூலி வேலை செய்து, நாலு காசோடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. காசு வந்தால் சட்டை வரும், செருப்பு வரும், அடுத்தது வண்டி வரும் என்று தடை போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. வறுமை தானாகத் தடுத்துக்கொண்டிருந்ததை, வறுமை கொஞ்சம் விலகத் தொடங்கியதும் கட்டளை போட்டுத் தடுத்தார்கள்.

1955: ஒரே ஆண்டில் இரண்டு

1950-களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லை ரோந்துக்காக இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் 350 சிசி புல்லட் வண்டிகளை வாங்கியது. 1955-இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிறகு இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டும் திருவொற்றியூரில் புல்லட் தயாராவது நிற்கவில்லை. உலகம் முழுக்க இன்று பழைய புல்லட்டைத் தேடி வாங்குகிறார்களே, அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது வடசென்னைத் தொழிலாளர்களின் உழைப்பு.

அதே 1955-இல்தான் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. பொதுச்சாலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். வண்டியும் வந்துவிட்டது, சாலையும் திறந்துவிட்டது. பிறகு ஏன் நம் சேரிகளுக்கு மோட்டார் சைக்கிள் வந்துசேர இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின?

முதல் காரணம் பொருளாதாரம். 1991 வரை எந்த ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம்தான் முடிவு செய்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம். வண்டி வாங்க மொத்தப் பணம் வேண்டும், அல்லது ஈடு வைக்க நிலம் வேண்டும். நிலம் யாரிடம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கிராமத்தில் புல்லட் என்பது பண்ணையார், இன்ஸ்பெக்டர், வட்டிக்காரர், காண்டிராக்டர் ஆகியோரின் வண்டி. எங்கள் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால், 'டப்டப்' சத்தம் தூரத்தில் கேட்டதுமே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள் என்பார்கள். ஆளைப் பார்க்கும் முன்பே சத்தத்துக்கு மரியாதை. புல்லட்டின் சத்தத்துக்கு ஒரு சாதி இருந்தது.

இரண்டாவது காரணம் உழைப்பு. இதைச் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வண்டி இல்லாத கூலித் தொழிலாளியின் உலகம் அவர் காலால் நடக்கும் தூரம்தான். அந்த வட்டத்துக்குள் யாரிடம் நிலம் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் கூலி. சைக்கிள் வந்தால் வட்டம் பத்துக் கிலோமீட்டர். மொபெட் வந்தால் முப்பது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கட்டட வேலைக்கும், மில்லுக்கும், டவுன் மார்க்கெட்டுக்கும் போய்விட்டு அன்றிரவே வீடு திரும்பலாம் என்ற நிலையை நம் மக்களில் பலருக்குக் கொடுத்தது அந்தச் சின்ன வண்டி. "இங்க கூலி கட்டாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடிந்தது. வண்டியைக் கண்டு ஆதிக்கச் சாதியினருக்கு வரும் கோபத்தை வெறும் பொறாமை என்று சுருக்காதீர்கள். கைக்கு அடங்கிய உழைப்பு கைநழுவிப் போகிறது என்ற கோபமும் அதில் இருக்கிறது.

வண்டியை நம் தலைவர்கள் அரசியல் கருவியாகவும் பார்த்திருக்கிறார்கள். 1983-இல் கன்ஷிராம் டி.எஸ்.4 அமைப்பின் சார்பில் வட மாநிலங்களில் நாற்பது நாள் சைக்கிள் பயணம் நடத்தினார். காரும் மேடையும் இல்லாதவர்களின் இயக்கம் சைக்கிளில் ஊர் ஊராகப் போனது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் குவாரித் தொழிலாளிப் பெண்கள்கூட சைக்கிள் ஏறினார்கள். தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் முதலில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது. பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது.

ஓடாமல் நின்றாலும் சரி

வண்டி மட்டுமல்ல, வண்டியின் பெயர்கூடத் தீட்டாகும் என்பதை 1997-இல் பார்த்தோம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. தேவேந்திரர் சமூகத்தில் பிறந்த விடுதலை வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு என்ன செய்தது? தடுத்தவர்களைத் தண்டிப்பதற்குப் பதிலாக, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் ஒரே அடியாக நீக்கிவிட்டது. ஒரே ஒரு பெயரைச் சகிக்க முடியாததால் யார் பெயரும் இல்லாமல் போனது.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவித் தேரின் கதையும் இதேதான். தேரும் ஒரு வாகனம்தானே. தலித்துகளும் வடம் பிடிப்போம் என்று 1998-இல் உரிமை கேட்டதிலிருந்து வழக்கு, தடை, போலீஸ் காவல், பெயரளவுக்குச் சிலரை மட்டும் வடம் பிடிக்கவைத்த நாடகம் என்று இழுபட்டது. இடையில் பல ஆண்டுகள் தேர் ஓடவே இல்லை. 2024-இல்தான் மீண்டும் ஓடியது. அவர்கள் கை படுவதைவிட சாமியின் தேர் நிலையிலேயே நின்று மக்கிப் போகட்டும் என்று நினைக்க முடிந்திருக்கிறது.

மாட்டுக் கொட்டகையில் நின்ற அந்தப் புல்லட்டைப் பார்த்தபோது எனக்குத் தேர்தான் ஞாபகம் வந்தது. டேங்க் முழுக்கத் துரு. சீட்டைக் கிழித்து எலி குடும்பம் நடத்தியிருந்தது. கிக்கர் அசையவில்லை. பதினோரு வருடம் யாரும் ஓட்டாத வண்டி. ஆனாலும் வாங்க வருவது காலனிப் பையன் என்றதும் வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன்தான் பேசி முடித்தார். 38,000 ரூபாய்.

பழையதை வாங்குவதும் பெறுவதும்

இந்த இடத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். "அக்கா, அவங்க தூக்கிப் போட்டத நாம ஏன் காசு குடுத்து வாங்கணும்? காலங்காலமா பழசத்தானே நமக்குக் குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதித்தது இதைத்தான்: செத்தவர்களின் துணி உடை, உடைந்த பாத்திரத்தில் உணவு, இரும்பே நகை. பழைய சோறும் பழைய துணியும் வாசலில் நின்று கையேந்திப் பெற்ற தலைமுறை இன்னும் நம்மோடு உயிரோடு இருக்கிறது.

ஆனால் பெறுவது வேறு, வாங்குவது வேறு. கொடுக்கப்பட்ட பழையதுக்கு விலை கிடையாது, ரசீது கிடையாது. கொடுத்தவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கியதற்கு யாருக்கும் கைகட்ட வேண்டியதில்லை. அதனால்தான் நான் தம்பியிடம் வண்டியைவிடக் காகிதத்தைப் பற்றி அதிகம் பேசினேன். "வண்டிய எடுத்துட்டுப் போங்க, பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் முதலில் சொன்னார்கள். பழைய வண்டி வாங்குகிற எல்லாரும் கேட்கும் வசனம் இது. ஆர்.சி. புத்தகம் இன்னொருவர் பெயரில் இருக்கும்வரை, அவர் மனம் மாறும் நாளில் நீங்கள் வண்டி திருடியவர் ஆகிவிடலாம். நாளை ஊரில் ஒரு பிரச்சினை என்றால் முதலில் வரும் புகார் அதுவாகத்தான் இருக்கும். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடு என்றேன். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, எல்லாம் தன் பெயருக்கு வந்த பிறகே வேலையை முடித்தான்.

அந்த வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பிஸ்டன் ஜாம். பிளக்கைக் கழற்றி உள்ளே டீசலை ஊற்றிவிட்டு நாலு நாள் காத்திருந்தான். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்து, ஒரு நாள் சாயங்காலம் விடுபட்டது. சிலிண்டரை லேத்துக்கு அனுப்பிப் போர் போட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டினான். டேங்குக்குள் பழைய நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தான். பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்தான். ஒயரிங் முழுக்கப் புதிது. சில பழைய சாமான்களுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு நாள் முழுக்க அலைந்தான். வேலை முடிந்த பிறகு பார்த்தால் வண்டி விலை அளவுக்குச் செலவும் ஆகியிருந்தது. சம்பளம் போக, ஓவர்டைம் பார்த்து ஏழு மாதத்தில் சேர்த்த காசு.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு படிப்பு வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, டீகம்ப்ரசரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, பிறகு ஒரே உதை. தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். எந்தக் கல்லூரியும் இதற்குப் பட்டம் தருவதில்லை. ஆனால் பிறப்பால் வந்த தொழிலும் அல்ல இது. ஒருவர் இன்னொருவரிடம் நின்று கற்றது. சாதி என்பது உழைப்பாளர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் விளக்கினார். அந்த ஒர்க்‌ஷாப்பில் மூன்று சாதிப் பையன்களும் ஒரு இஸ்லாமியத் தம்பியும் ஒரே இன்ஜினுக்குள் கை விட்டிருந்தார்கள். இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள்.

மோட்டார் சைக்கிளின் பெயரைச் சொல்லும் சட்டம்

வண்டி தயாரான பிறகும் மூன்று வாரம் டவுனிலேயே நின்றது. தம்பியின் அம்மா போனில் அழுதார். "ராத்திரியில கண்மாய்க்கரை வழியா கொண்டாந்துரச் சொல்லும்மா. பெரிய தெரு வழியா வேண்டாம்."

அந்தத் தாயைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே, புல்லட்டில் வீடு திரும்பிய ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. சாதியைச் சொல்லி, நீ புல்லட் ஓட்டலாமா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது குடும்பத்தினரின் புகார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். சிவகங்கை 1980-கள் வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. 1931-இல் எந்த வாகனமும் கூடாது என்று பட்டியல் போட்ட அதே மாவட்டம். இடையில் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்.

2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)(இசட்.ஏ)-வைத் தோழர்கள் ஒருமுறையாவது எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் ஒரு தலித் அல்லது பழங்குடி சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும், திருமண ஊர்வலம் போவதையும், அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதையும் தடுப்பது வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம்.

இந்தப் பட்டியலை 1930, 31 பட்டியல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு, துணி, குதிரை, வாகனம். அவர்கள் கூடாது என்று எழுதியதைத் திருப்பிப் போட்டு நாடாளுமன்றம் எழுதியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை ஒரு மக்களின் உரிமை என்று பெயர் சொல்லிப் பாதுகாக்க வேண்டிய நிலையில் ஒரு நாடு இருக்கிறது என்றால், பெருமைப்படுவதா வெட்கப்படுவதா? சட்டம் இருக்கிறது என்பது நம் போராட்டத்தின் வெற்றி. அது தேவைப்படுகிறது என்பது இந்தச் சமூகத்தின் தோல்வி.

சட்டத்தைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. புகாரை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிய முன்விசாரணை வேண்டும் என்று சொன்னால், 18ஏ பிரிவின்படி அது தேவையில்லை என்று சொல்லுங்கள். டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். கடமையைச் செய்யாத அதிகாரிமீதே வழக்குப் போட 4-ஆம் பிரிவு இருக்கிறது. வெறும் அடிதடி வழக்காக மாற்றிச் சமாதானம் பேச வருவார்கள். அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

புல்லட் விடுதலையா?

நமக்குள் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பண்ணையாரின் வண்டியில் நாம் ஏறினால் பண்ணையாரின் புத்தியும் நம்மேல் ஏறிவிடுமா? நம்பர் பிளேட்டில் சாதிப் பெயர் ஒட்டி, சைலன்சரைப் பிடுங்கிவிட்டுத் தெருவை அதிரவைக்கும் ஆதிக்கச் சாதி இளைஞர்களை நாம் கிண்டல் செய்கிறோம். நம் பையன்களும் அதையே செய்தால், அது எந்த வகையில் வேறு? மீசையும் புல்லட்டும்தான் சுயமரியாதை என்றால், புல்லட் வாங்க முடியாத நம் அம்மாவுக்கு எது சுயமரியாதை?

என் பதில் இதுதான். நாம் கேட்பது புல்லட்டை அல்ல, தெருவை. அய்யன்காளி வில்வண்டிமேல் ஆசைப்பட்டு ஓட்டவில்லை. டி.வி.எஸ். 50-இல் போகிறவருக்கும், சைக்கிளில் போகும் பள்ளி மாணவிக்கும், செருப்புப் போட்டு நடக்கும் பாட்டிக்கும் அந்தத் தெரு சமமாக இருக்க வேண்டும். அதே சமயம், ஒரு தொழிலாளி தனக்குப் பிடித்த வண்டியைத் தன் காசில் வாங்கி ஆசையாக ஓட்டுவதற்கு, அது ஒரு போராட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மற்றவர்களுக்கு அது வெறும் ஆசை. நமக்கும் அப்படி வெறும் ஆசையாக இருக்கும் நாள் வர வேண்டும்.

தம்பி அம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை. தனியாகவும் வரவில்லை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெயிலில் எல்லாரும் பார்க்கும்படி, பெரிய தெரு வழியாகவே வந்தான். முன்னால் இரண்டு டி.வி.எஸ்., பின்னால் ஒர்க்‌ஷாப் நண்பர்கள். கத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சட்டைக்குள் இருந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியை விற்ற பெரியவர் திண்ணையில் இருந்தார். அவர் எழுந்து நிற்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கும் நடக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

காலனி முகப்பில் ஏழு மணியிலிருந்தே நின்றுகொண்டிருந்த அவன் அம்மா முதலில் அவன் கைகளைத்தான் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் வண்டியைப் பார்த்தார். பிளஸ் டூ படிக்கும் தங்கை, "எனக்கு எப்ப கத்துத் தருவ?" என்று கேட்டாள். கிக்கர் திருப்பி உதைக்கும் என்றான். "உதைக்கட்டும்" என்றாள்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சேரிக்கு முதல் சைக்கிள் எந்த ஆண்டு வந்தது, முதல் மோட்டார் சைக்கிளை யார் வாங்கினார், என்ன வேலை பார்த்து வாங்கினார், எந்தத் தெருவில் யாரை இறங்கித் தள்ளச் சொன்னார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். ராமநாதபுரத்துத் தடைகளை ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குச் சான்று இருக்கிறது. அந்தத் தடைகளை மீறியவர்களின் பெயர்களை எழுதி வைப்பது நம் வேலை. அந்தப் பெரியவர்கள் இன்னும் பல காலம் நம்மோடு இருக்கப் போவதில்லை.

ஜெய்பீம்.